ஜன்னலோர மேஜையில் ஒரு தட்டு

ஹட்சுயோவின் கையால் சாப்பிட்டவர்கள் இன்று ஆப்பிரிக்காவிலும் இருக்கிறார்கள், பசிபிக் தீவுகளிலும் இருக்கிறார்கள். ஏழை நாடுகளுக்கு உதவி செய்யும் ஜப்பானிய அரசாங்க அமைப்பு ஒன்று நாகனோ மலையடிவாரத்தில் பயிற்சி நிலையம் வைத்திருக்கிறது. அங்கே அவள் சமையற்காரி. எந்த நாட்டுக்கு யாரை அனுப்புவது என்று டோக்கியோவில் பெரிய மனிதர்கள் முடிவு செய்வார்கள். முடிவானவர்கள் இங்கே வந்து தங்கி, போகிற நாட்டு மொழியை மண்டையில் ஏற்றிக்கொண்டு விமானம் ஏறுவார்கள். உதவி, உதவி என்று கூட்டம் போட்டுப் பேசுகிறவர்களுக்கு, அதைச் சுமந்து போகிறவன் பயத்தில் சோறு இறங்காமல் உட்கார்ந்திருப்பது தெரியாது. சமையலறைக்குத் தெரியும்.

சாப்பாட்டுக் கூடத்தின் ஜன்னலோர மேஜையில் அவள் தினமும் ஒரு தட்டு வைப்பாள். சோறு, மிசோ சூப், ஒரு துண்டு மீன், முள்ளங்கி ஊறுகாய். தூர தேசம் போனவன் பசியில்லாமல் நல்லபடியாகத் திரும்பட்டும் என்று வீட்டில் இப்படி வைப்பதுண்டு. புதிதாக வரும் பிள்ளைகள் அவளைச் சீண்டுவார்கள்.

"அத்தை, யாரு அந்த ஆளு? முதல் பந்தியிலேயே எடம் பிடிச்சிடறாரு, தட்டு கழுவ மட்டும் வர்றதே இல்ல."

"உன் தட்ட நீ ஒழுங்கா கழுவறியா? போ, வகுப்புக்கு நேரமாச்சு."

கூட வேலை செய்யும் தோகுயே மட்டும் இதற்குச் சிரிக்கமாட்டாள். அந்தத் தட்டை உயிரோடு இருக்கிறவர்களுக்குத்தான் வைக்க வேண்டும். ஹட்சுயோ தட்டு வைக்கும் ஷுன்பெய் செத்துப் பல வருடமாகிவிட்டது.

"செத்தவனுக்கு மாடத்துல வெச்சுக் கும்பிடு. இப்படி பந்தியில வெச்சா அவன் போக முடியாம இங்கயே சுத்துவான்," என்பாள் தோகுயே.

"சுத்தட்டும்," என்பாள் ஹட்சுயோ.

ஷுன்பெய் நீகாத்தா பக்கத்துப் பையன். மலாவியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லித்தரத் தேர்வானவன். ஒரு சாயங்காலம் சமையலறைக்கு வந்து, அரிசி களைந்துகொண்டிருந்தவளின் முதுகுக்குப் பின்னால் நின்றான்.

"அத்தை, எனக்கு பயமா இருக்கு. வீட்டுக்கே போயிடலாம்னு பாக்கறேன்."

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஊரே விருந்து வெச்சு அனுப்பியிருக்கு. இப்பப் போய் நின்னா உங்கப்பா மூஞ்சிய எங்க வெச்சுக்குவாரு? பல்லக் கடிச்சுக்கோ. எல்லாம் சரியாயிடும்."

பல்லைக் கடித்துக்கொள் என்று இந்த நாட்டில் யாரும் யாருக்கும் சொல்வார்கள். பரீட்சைக்குப் போகிறவனுக்கும் சொல்வார்கள், ஆபரேஷனுக்குப் போகிறவனுக்கும் சொல்வார்கள். சொல்லிவிட்டால் சொன்னவருக்கு வேலை முடிந்தது. கேட்டவன் நன்றி சொல்ல வேண்டும். ஷுன்பெய்யும் தலை குனிந்து நன்றி சொல்லிவிட்டுப் போனான்.

அவன் விமானம் ஏறிய அன்று தட்டு வைக்கத் தொடங்கினாள். மலைப்பாதையில் பஸ் கவிழ்ந்து அவன் போய்விட்டான் என்று செய்தி வந்த அன்றும் வைத்தாள். நிறுத்தினால் தானே அவனை மறுபடி வெளியே அனுப்பியது போலாகிவிடும் என்று தோன்றியது. அன்றிலிருந்து அரிசி களையும்போதெல்லாம் முதுகுக்குப் பின்னால் யாரோ வந்து நிற்பார்கள். மூச்சு கேட்கும். அவள் திரும்பமாட்டாள். பேயிடம் அவளுக்குப் பயமில்லை. பயமாக இருக்கிறது என்று அவன் திரும்பவும் சொல்லி, தன் வாயில் திரும்பவும் அதே பேச்சு வந்துவிட்டால் என்ன செய்வது என்பதுதான் பயம்.

அவனைப் பெற்றவர்கள் என்றாவது வந்தால் காலில் விழுந்து எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று வைத்திருந்தாள். திட்டட்டும், அறையட்டும். அதன் பிறகாவது தூங்கலாம்.

இந்த இலையுதிர் காலத்தில், பிள்ளைகள் கிளம்பிப்போய்க் கூடம் காலியாகக் கிடந்த ஒரு மதியம், அவனுடைய அப்பா கராசாவா வந்தார். அலுவலகத்து ஆள் அவரைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனான். கிழவர் ஜன்னலோரத் தட்டைப் பார்த்தார்.

"இது யாருக்கும்மா?"

"உங்க பையனுக்குங்க."

அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். ஹட்சுயோ தரையில் மண்டியிடப் போனாள். அதற்குள் அவர் பேச ஆரம்பித்துவிட்டார்.

"இங்கேருந்து ஒரு நாள் போன் பண்ணினான். வந்துடறேன்ப்பான்னான். ஊர்ல நான் தலை காட்ட முடியாது, பல்லக் கடிச்சுக்கிட்டுப் போயிட்டு வாடான்னு வெச்சுட்டேன். அவங்கம்மா கிட்ட இத நான் சொன்னதே இல்ல. போன மாசம் அவளும் போயிட்டா." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "உங்கள ஒண்ணு கேக்கணும். இங்க ஒருத்தராவது அவன்கிட்ட, போக வேணாம், வீட்டுக்குப் போன்னு சொன்னாங்களா? அப்படிச் சொல்லியும் அவனாத்தான் போனான்னா, எனக்கு அது போதும்."

அவர் கை மகனுடைய தட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஹட்சுயோ அத்தனை வருடமாக மனப்பாடம் செய்து வைத்திருந்ததெல்லாம் நாக்கு நுனியில் நின்றது. அந்தக் கையைப் பார்த்தாள்.

"நான் சொன்னேங்க," என்றாள். "வீட்டுக்குப் போப்பான்னு சொன்னேன். அவன்தான் கேக்கல. போய்ப் பாத்துடறேன் அத்தைன்னு சிரிச்சிக்கிட்டே கெளம்பினான்."

கராசாவா எழுந்து, நெற்றி மேஜையில் படும் அளவுக்குக் குனிந்தார். குனிந்தபடியே அழுதார்.

"அவனுக்கு இங்க ஒரு தாய் இருந்திருக்கா. எனக்குத் தெரியாமப் போச்சே."

மரியாதைக்கு அவளும் குனிந்தாள். வாசல் வரை வந்து வழியனுப்பினாள். அவர் பஸ் நிறுத்தத்துக்கு நிமிர்ந்து நடந்து போனார். உலகத்தில் அவள் அதைச் சொல்லி அழக்கூடிய ஒரே மனிதர், நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார்.