எதுக்குன்னு எழுதாத குறி

நான் பல்கலைக்கழகத்துல கணக்குப் பாடம் நடத்துறவ. கூட்டல், வர்க்கமூலம் மாதிரி ஒரு செயலியை எழுதினா, அது எதுமேல செல்லும்னு பக்கத்துலயே எழுதணும். அந்த எல்லைக்குச் சார்பகம்னு பேரு. வர்க்கமூலக் குறியை மட்டும் போட்டுட்டு, எந்த எண்களுக்குன்னு சொல்லாம விடுற பிள்ளைக்கு நான் மார்க் போடமாட்டேன். கறார்காரின்னு சொல்வாங்க. சொல்லிட்டுப் போகட்டும்.

அப்பாவும் அம்மாவும் மலையில ரிங்லெட் ஊருக்கு மேல, தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுல இருந்தாங்க. வேலை இருக்கிறவரைக்கும்தான் அந்த வீடு. காலையில பெரட்டுல எல்லாரையும் கூட்டி வேலைக்கு ஆள் பிரிக்கும்போது, கணக்கெழுதுற கிராணி மருந்து டிரம் மூடியில சாக்பீஸால குறி போடுவாரு. நேப்பாளி, பங்களாதேஷ் ஆளு, நம்மாளுன்னு கலந்து நிக்கிற இடம்; அதனால எழுத்து கிடையாது. பெருக்கல் குறியும் ரெண்டும் போட்டிருந்தா, களைமருந்தை ரெட்டிப்பாக் கலக்கணும். அது முத்துன தேயிலைக் காட்டுக்கு மட்டும்தான். அதை யாரும் எழுதுறதில்ல. மருந்தடிக்கிற கூட்டத்துக்குத்தான் தெரியுமே.

அப்பா கொழுந்து வெட்டுற வேலையிலேர்ந்து அந்தக் கூட்டத்துக்கு மாறின வாரம், இளங்கன்னுக் காட்டுக்கு அனுப்பினாங்க. மூடியைப் பார்த்தாரு, ரெட்டிப்பாக் கலந்து அடிச்சாரு. கொஞ்ச நாள்ல அந்தச் சரிவு முழுக்கக் கருகிப்போச்சு.

விசாரணைக்கு நானும் கூடப் போனேன். "சார், குறி போட்டா எதுக்குன்னும் போடணும். அரைக் கட்டளை கொடுத்துட்டு முழுப் பழியையும் எங்கப்பா தலையில கட்டுறீங்களே"ன்னு மேனேஜரைக் கேட்டேன்.

"நீங்க சொல்றது ரைட்டுதான் மேடம். ஆனா மத்தவங்க யாரும் தப்பு பண்ணலியே. சந்தேகம்னா ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா."

கேக்குறதா? பெரட்டுல வாயைத் திறந்தா 'எதிர்த்துப் பேசுறான்'னு முத்திரை குத்துற தோட்டம் அது. அப்பா அங்க ஒரு கேள்விகூடக் கேட்டதில்ல. அதுக்குத்தான் நல்ல ஆளுன்னு பேரு எடுத்திருந்தாரு. அன்னிக்கும் தலையைக் குனிஞ்சே நின்னாரு.

வேலை போச்சு, வீடும் போச்சு. என்கூட வந்திடுங்கன்னேன், வரல. அதே மலையில பிரிஞ்சாங்ல ஒரு ரூம் எடுத்துக்கிட்டாங்க; அப்பா கியா பார்ம்ல ஒரு சீன முதலாளியோட, தவுக்கேன்னு கூப்பிடுவாங்க, காய்கறிக் கடையில பெட்டி கட்டுறாரு. எதைச் செய்யச் சொன்னாலும், "இது எதுக்கு மட்டும் தவுக்கே?"ன்னு கேட்டுக்கிட்டே நிக்கிறாராம். தவுக்கே எரிஞ்சு விழுறாராம்.

போன தடவை நான் போயிருந்தப்போ அம்மா சோறு போட்டு அப்பா முன்னாடி வச்சாங்க. அவரு தட்டுல கை வைக்கல. அம்மா முகத்தைப் பார்த்து, "இது எனக்கா?"ன்னு கேட்டாரு.