பட்டை சேர்த்த பிக்கப்

சுடலைக்கண்ணுவின் பிக்கப்பைப் பின்னால் இருந்து பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். சாலைக் கடைத்தெருவில் என் கடையில்தான் சிமெண்ட் ஏற்றுவான்; மிக்சரும் ஆளும் கொண்டுபோய்க் கான்கிரீட் போட்டுக் கொடுப்பது அவன் தொழில். கொக்கியில் கான்கிரீட் மிக்சரை மாட்டியதுமே வண்டியின் பின்பக்கம் தாழும். அதற்கு மேல் பதினைந்து மூட்டையையும் பின் ஓரத்திலேயே அடுக்குவான். வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும்.

கேபினை ஒட்டிய இடம் ஆட்களுக்கு. கான்கிரீட் போடும் நாட்களில் கரமனையிலிருந்து எட்டுப் பேர் ஏறி, முன்கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். மற்ற வண்டிகளில் சரக்கு முன்னால், ஆள் பின்னால். இவன் வண்டியில் எல்லாம் தலைகீழ். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவதே தப்பு என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் காலை ஏழு மணிக்கு மிக்சர் ஓட வேண்டும் என்றால் பஸ் உதவாது.

இப்படித் தலைகீழாக ஏற்றக் காரணம் அவன் தம்பி. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் வேறொருவன் வண்டியில், பின் ஓரத்தில் கால் தொங்கப் போட்டு வந்தவன் ஒரு பள்ளத்தில் தெறித்து விழுந்தான். பின்னால் இழுபட்டு வந்த மிக்சர் அவன் மேல் ஏறிவிட்டது. அன்றிலிருந்து சுடலைக்கண்ணு தன் வண்டியின் பின் ஓரத்தில் யாரையும் உட்கார விடுவதில்லை.

போன மழையில் ஸ்டியரிங் பிடிப்பில்லாமல் லேசாகிவிட்டது என்று யூசுப்பின் பட்டறைக்குப் போனான். பின்சக்கரத்தின் மேல் வில்லாக வளைந்திருக்கும் இரும்புப் பட்டைகளோடு பக்கத்துக்கு ஒன்று கூடுதலாகச் சேர்த்தான். மறுநாள் பாரம் ஏற்றியும் வண்டி தாழவில்லை. மகளைக் கட்டிக் கொடுத்தவன் மாதிரி நின்றான்.

"பாத்தியளா அண்ணாச்சி, நிமிந்து நிக்கி."

நிமிர்ந்ததும் பாரமே குறைந்துவிட்டது என்று நினைத்து, இன்னும் மூன்று மூட்டை ஏற்றினான். நான் தடுக்கவில்லை. விற்கிறவன் வாய் அப்படித்தான்.

வேலை நடந்த வித்துராவுக்குப் போகும் ஏற்றத்தில் ஒரு வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பினான், வண்டி திரும்பவில்லை. நேராகப் போய் மண்திட்டில் முட்டி நின்றது. நல்ல வேளை, யாருக்கும் அடியில்லை.

யூசுப் திட்டினார். "பட்டை வண்டியைத் தூக்கித்தான் தரும், சுடலே. பாரம் இருந்த இடத்திலதான் இருக்கும். முன்வீல் ரோட்டைப் பிடிக்கணும்னா மூட்டையைக் கேபின்கிட்ட அடுக்கு."

"அப்போ ஆளு?"

"ஆளு பின்னாலதான். பின்னே எங்கே?"

சுடலைக்கண்ணு ஆட்களை பஸ்ஸில் அனுப்பிப் பார்த்தான். இரண்டு நாளும் அவர்கள் போய்ச் சேர ஒன்பது மணி ஆனது. பட்ட காலிலே படும் என்பார்களே, மலையாளி காண்டிராக்டர் பிரதீஷ் என் கடை வாசலிலேயே அவனைப் பிடித்துக்கொண்டார். "இனி ஒரு நாள் லேட்டானா ஞான் வேற மிக்சரை விளிக்கும், கேட்டோ."

ஆட்களில் மூத்தவன் இசக்கி சொன்னான்: "அண்ணே, நாங்க நல்லாப் பிடிச்சிட்டு இருந்துக்கிடுதோம். வேலை போச்சுன்னா எங்க போவ?"

திங்கட்கிழமை என் கடையில் மூட்டைகள் கேபினை ஒட்டி ஏறின. எட்டுப் பேரும் பின் ஓரத்தில் உட்கார்ந்தார்கள். அந்த எட்டில் ஒருத்தி அவன் மனைவி உலகம்மை; கான்கிரீட் சட்டி சுமக்கிறவள். அவளைக் கேபினுக்கு வரச் சொன்னான்.

"ஏழு பேரு இங்க இருக்கும்போ எனக்கு மட்டும் சீட்டா?" என்று அவள் மறுத்துவிட்டாள். அவன் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

அன்றைக்கு வண்டி சொன்னபடி கேட்டது என்று இசக்கி பிற்பாடு என்னிடம் சொன்னான். ஓட்டியவன்தான் சரியில்லை. ஒவ்வொரு பள்ளத்திலும் நிறுத்தி, இறங்கிப் பின்னால் வந்து எட்டு முகத்தையும் பார்த்துவிட்டுப் போனானாம். நேரமாகிறது என்று உலகம்மை இரண்டு தடவை சத்தம் போட்டாளாம். வித்துரா போய்ச் சேர்ந்தபோது மணி எட்டரை.

அங்கே வேறொருவன் மிக்சர் ஓடிக்கொண்டிருந்தது. பிரதீஷ் கோபப்படக்கூட இல்லை. "மிக்சர் வேண்டா. ஆளு வேணும், இறங்கச் சொல்லு" என்றார்.

"போங்க. உங்க கூலியாவது கெடைக்கட்டு" என்றான் சுடலைக்கண்ணு.

ஏழு பேரும் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். உலகம்மை கொஞ்ச நேரம் அவனைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு சட்டியை எடுத்துக்கொண்டு அவளும் போனாள்.