ஐந்தில் ஒரு விநாடி

எலி மூளையின் மெல்லிய துண்டை உப்புநீரில் உயிரோடு வைத்து, நரம்புகள் எப்படிக் கற்றுக்கொள்கின்றன என்று பார்ப்பது என் தொழிலாக இருந்தது. முதலில் அரை நிமிடத்துக்கு ஒருமுறை மெல்லிய மின்தூண்டல் கொடுத்து, நரம்பின் பதிலைக் கணினியில் பதிய வேண்டும். பிறகு பலமான தூண்டல்களை ஐந்தில் ஒரு விநாடி இடைவெளியில் அடுக்கடுக்காகக் கொடுக்க வேண்டும். அதன்பின் பதில் பெருத்தால் நரம்பு கற்றுக்கொண்டது. பேராசிரியர் கற்றுக்கொண்டாரா என்று பார்க்க எந்த மென்பொருளும் கிடையாது.

அந்த நேர அட்டவணையை மென்பொருளில் இட்டவன் பேராசிரியரான நான். வேறு யாரையும் தொட விடமாட்டேன். சோதனையைச் செய்தவள் விடத்தல்தீவிலிருந்து வந்த ஆய்வு மாணவி. அவள் குடும்பம் அப்போதுதான் போர் அகதி முகாமிலிருந்து ஊர் திரும்பித் தகரக் கொட்டிலில் இருந்தது. அவளுடைய துண்டுகள் ஒன்றுகூடக் கற்கவில்லை.

“சேர், தூண்டேக்க இந்தக் கரண்ட் பெட்டி டிக் எண்டு சத்தம் போடுதெல்லே. அது பிந்திப் பிந்தி வாற மாதிரிக் கிடக்கு,” என்றாள் ஒருநாள்.

“கோயில் மணியெண்டு நினைச்சீரோ பிள்ளை, காதால எண்ண? அதைக் கணினி எண்ணும். நீர் முகாமில இருந்து கொண்டுவந்த கைநடுக்கத்தை நிப்பாட்டும்.”

அறையிலிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் என் நகைச்சுவையை மெச்சிக்கொண்டேன். ஆண்டறிக்கையில் ‘கைத்திறன் போதாது’ என்று எழுதினேன். அவளுடைய பட்டப் பதிவு ரத்தானது. ஊருக்குப் போய்ப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்தாள்.

நான் ஓய்வுபெற்று உப்புக்குளத்து வீட்டுக்கு வந்தபின், ஆய்வில் கவனக்குறைவு பற்றி உரையாற்றப் பல்கலைக்கழகத்தில் கேட்டார்கள். உதாரணத்துக்கு அவளுடைய கோப்பைத் திறந்தேன். ஒவ்வொரு தூண்டலின் நேரமும் அதில் இருந்தது. இடைவெளி ஒரு விநாடிக்கும் மேல். ஒரு தூண்டலின் தொடக்கத்திலிருந்து எண்ணும் என்று நினைத்து நான் இட்டிருந்தேன்; மென்பொருளோ ஒவ்வொரு தூண்டலுக்கும் உரிய ஒரு விநாடிப் பதிவு முடிந்த பிறகே எண்ணத் தொடங்கியிருக்கிறது. கையேட்டின் முதற் பக்கங்களிலேயே அது எழுதியிருந்தது. கையேடுகள் மாணவர்களுக்கானவை என்பது என் கொள்கை.

வேறு உதாரணம் தேடி உரையை நிகழ்த்தினேன். நன்றாகக் கைதட்டினார்கள். மூன்று வாரம் கழித்துத்தான் விடத்தல்தீவுக்குப் பஸ் ஏறினேன்.

“வாங்கோ சேர். மடுக் கோயில் பஸ் எண்டு மாறி ஏறிட்டியளோ?” என்று பாடசாலை விறாந்தையில் கதிரை போட்டாள்.

நடந்ததைச் சொன்னேன்.

“அது நான் அப்பவே சொன்னனான். இப்ப எனக்குச் சொல்லி என்ன? கம்பசுக்கு எழுதுங்கோ. பட்டத்துக்குத் திரும்பப் பதிய விடுவினமோ எண்டு கேக்கவேணும்.”

அங்கேயே தாள் வாங்கி, ‘மென்பொருளின் நேரக் கணிப்பில் ஏற்பட்ட தவறு காரணமாக’ என்று தொடங்கினேன். அவள் எட்டிப் பார்த்தாள்.

“ஏற்பட்டதோ? பேய் வந்து ஏற்படுத்தினதோ, சேர்?”

புதுத் தாளில் எழுதினேன்: ‘கையேட்டை வாசிக்காமல் தவறான இடைவெளியை நான் இட்டேன். அவர் சுட்டிக்காட்டியபோது ஏளனம் செய்தேன். அவருடைய கைத்திறன் பற்றி நான் எழுதியது பொய்.’ கையொப்பமிட்டுக் கொடுத்தேன்.

வாசித்துக்கொண்டு போன அவள் விரல் ‘பொய்’ என்ற சொல்லில் நின்றது. இவ்வளவு கடுமை வேண்டாம் என்பாள் என்று காத்திருந்தேன்.

“ரெண்டு பிரதி வேணும்,” என்றாள். “மற்றதையும் நீங்களே எழுதுங்கோ.”