ஐம்பத்தேழு விழுக்காடு

என் அக்கா ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பதினாறு வருஷம் கண்ணாடிக் குழாய் கழுவினாள். பதவியின் பெயர் உதவியாளர். கழுவுவதோடு வேலை நின்றதில்லை. சாம்பிள்களைப் பிரித்து அடுக்குவாள், ஸ்லைடுகளுக்குச் சாயம் ஏற்றுவாள், ஆள் வராத நாட்களில் ரத்தமும் எடுப்பாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிற அம்மாக்கள், "அந்த அக்கா எங்கே?" என்று கேட்டுவிட்டு அவளுக்காகக் காத்திருப்பார்கள். ஆனால் டெக்னீஷியன் என்று சொல்லிக்கொள்ளச் சான்றிதழ் வேண்டும். புதிதாகச் சேரும் இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு அவள்தான் வேலை சொல்லிக்கொடுப்பாள். மூன்றாவது மாதம் அவர்கள் அவளை வேலை ஏவுவார்கள்.

நாற்பத்தோராவது வயதில் டிப்ளமோவில் சேர்ந்தாள். செய்முறைக்கு அவளுடைய அனுபவமே போதும் என்றது கல்லூரி. பாடங்கள் முழுக்கச் செல்போனில், பதிவு செய்யப்பட்ட நூற்று நாற்பது வகுப்புகள். பிறகு ஒரு பரீட்சை. தேறினால் அடுத்துக் காலியாகும் டெக்னீஷியன் இடம் அவளுக்குத்தான் என்று கூடத்தில் வாக்குக் கொடுத்திருந்தார்கள்.

நானும் அவளும் மட்டும் இருந்த வீடு இரண்டு உயரமான கட்டடங்களுக்கு நடுவில் தரைத்தளத்தில் இருந்தது. வெயிலும் வராது, சிக்னலும் வராது. வகுப்பு நிமிஷத்துக்கு ஒரு முறை நின்று சுற்றிக்கொண்டே இருக்கும். அதற்கு வழி கண்டுபிடித்தவள் நான். கூடத்தின் வைஃபையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பாடங்களை இறக்கி வைத்துக்கொண்டு, வீட்டுக்கு வந்து பார்க்கலாம். பார்த்து முடித்ததும் பாடத்தின் தலைப்புக்குப் பக்கத்தில் பச்சைக் குறி விழுந்தது. "பச்சை விழுந்துட்டா நீ பார்த்ததா கணக்கு" என்று சொன்னேன். காலேஜ் படித்தவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று சிரித்தாள்.

அவள் படித்த விதத்தைச் சொல்ல வேண்டும். வேலை முடிந்து வந்து குளித்து, வெளியே போவதற்கு உடுத்துவது போல் உடுத்தி, தலை பின்னி, சுவரைப் பார்த்துப் போட்ட நாற்காலியில் உட்காருவாள். நைட்டியில் உட்கார்ந்தால் மனசும் நைட்டியிலேயே இருக்கும் என்பாள். போனில் பாடத்தையும் வாட்ஸ்அப்பையும் தவிர வேறு எதையும் மிச்சம் வைக்கவில்லை. வகுப்பு நடக்கும்போது நான் ஏதாவது கேட்டால் திரும்பாமல் கையை மட்டும் உயர்த்துவாள். பதிவில் இருக்கிற ஆசிரியர் "புரியுதா?" என்று கேட்கிற இடங்களில் இவள் பதில் சொல்வாள்.

"புரியல சார். இன்னொரு தடவை சொல்லுங்க."

விரலால் பின்னுக்குத் தள்ளுவாள். அவரும் மறுபடி சொல்வார். "பாரேன், எவ்வளவு பொறுமையான மனுஷன். எத்தனை தடவை கேட்டாலும் முகம் சுளிக்கிறதே இல்ல."

பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை நிறுத்திவிட்டு, நோட்டை மூடி, காய் நறுக்கிக்கொண்டிருக்கும் என்னிடம் வந்து அதுவரை கேட்டதைச் சொல்வாள். எனக்கு விளங்கவில்லை என்றால் தனக்கும் விளங்கவில்லை என்று எடுத்துக்கொண்டு திரும்பிப் போவாள். சந்தேகங்களைத் தனியாக ஒரு தாளில் எழுதி, கூடத்தின் தலைமை டெக்னீஷியன் டீ குடிக்கிற நேரம் பார்த்துக் கேட்பாள். ஏழு நோட்டு நிரம்பியது. ரத்த அணுக்களை வண்ணப் பென்சிலில் வரைந்து வைத்திருந்தாள்.

உடன் படித்தவர்களில் ஒருத்திக்கு நாங்கள் ஸ்டேட்டஸ் என்று பெயர் வைத்திருந்தோம். சமைத்தாலும் ஸ்டேட்டஸ், தும்மினாலும் ஸ்டேட்டஸ். சத்தத்தை அணைத்துவிட்டு, பாடத்தை ஓட விட்டு, துணி துவைக்கப் போய்விடுவதாக அவளே சொல்லியிருக்கிறாள். வாரா வாரம் அக்காவின் நோட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்வாள். அக்காவும் அனுப்புவாள்.

பரீட்சைக்குப் பத்து நாள் இருக்கும்போது, யார் யார் எழுதலாம் என்ற பட்டியல் வந்தது. ஸ்டேட்டஸ் பெயர் இருந்தது. அக்கா பெயர் இல்லை.

கல்லூரி அலுவலகத்துக்கு நானும் போனேன். ஒருங்கிணைப்பாளர் கணினியைத் திருப்பிக் காட்டினார். அக்கா பார்த்த பாடம் பூஜ்யம் விழுக்காடு. இறக்கி வைத்துப் பார்த்தால் போனுக்குள்தான் குறி விழுமாம். இணைப்பில் இருந்தபடி, ஒவ்வொரு பாடத்துக்கும் முன்னால் கேமராவில் முகம் காட்டிப் பார்த்தால்தான் அவர்களுக்குப் போய்ச் சேருமாம். எழுபத்தைந்து விழுக்காடு இல்லாமல் பரீட்சை இல்லை. அந்தக் கணக்கு கல்லூரியின் இணையதளத்தில் ஒரு மூலையில் இருந்தது. நான் ஒரு நாளும் திறந்து பார்க்கவில்லை.

அக்கா ஏழு நோட்டையும் மேஜைமேல் வைத்தாள். அவர் புரட்டினார். படங்கள் இருந்த பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றார்.

"நீங்க படிச்சிருக்கீங்கன்னு எனக்குத் தெரியுதும்மா. சிஸ்டத்துக்குத் தெரியணுமே."

"எதை வேணா கேளுங்க சார். எந்தப் பாடத்துல வேணா."

"நான் கேட்டு என்ன ஆகப் போகுது? ஏழு நாள் தர்றேன். ஓட விடுங்க. எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க."

எழுபத்தைந்து விழுக்காட்டைத் தொட எழுபது மணி நேரப் பாடம், ஏழு நாள். விடுப்புக் கேட்டாள், ஆள் இல்லை என்றார்கள். கூடத்தில் வேலை நேரம் முழுக்க அலமாரித் தட்டில் போனைச் சாய்த்து வைத்து ஓட விட்டாள். வேலை முடிந்ததும் சிக்னல் கிடைக்கிற பேருந்து நிறுத்தத்து இருக்கையில் உட்கார்ந்து மீதியை ஓட்டினாள். முதல் நாள் மட்டும் பழக்கத்தில் நோட்டைக் கையில் எடுத்துப் போனாள். அந்தப் பொறுமையான ஆசிரியர் தட்டின்மேல் நின்று ஊமையாக வாயசைத்துக்கொண்டிருக்க, இவள் முதுகைக் காட்டிக்கொண்டு குழாய் கழுவினாள்.

நாற்பது நிமிஷத்துக்கு ஒரு பாடம் முடியும். அடுத்ததைத் திறக்கக் கையுறையைக் கழற்ற வேண்டும், முகம் காட்ட முகக்கவசத்தையும் இறக்க வேண்டும். சுற்றிலும் நோயாளிகளின் ரத்தம். ஐந்தாவது நாள் தலைமை டெக்னீஷியன் பார்த்துவிட்டார்.

"என்ன பண்றே நீ? உனக்குத் தெரியாததா இது?"

அவர் திட்டியது அவ்வளவுதான். அக்கா போனை அணைத்துப் பைக்குள் போட்டுவிட்டாள். அப்போது நாற்பத்தெட்டு விழுக்காடு ஆகியிருந்தது.

வீட்டில் நான் சண்டை போட்டேன். இன்னும் இரண்டே நாள், கழிப்பறைக்குப் போய் முகத்தைக் காட்டு, அவர் கண்ணில் படாமல் செய் என்றெல்லாம் சொன்னேன்.

"சாம்பிள் இருக்கிற இடத்துல போனைத் தொடாதே, முகத்துல கை வைக்காதேன்னு பதினோராவது பாடம் பூரா அதான்டி. படிச்சதுக்கு எதிரா நடந்து, படிச்சேன்னு காட்டணுமா?"

"சட்டம் பேசாதே. பதினாறு வருஷம் கழுவினது போதாதா உனக்கு?"

மீதி இரண்டு நாளும் மாலையில் பேருந்து நிறுத்தத்தில் மட்டும் உட்கார்ந்தாள். ஐம்பத்தேழில் நின்றது. கல்லூரி அடுத்த வருஷம் வரச் சொன்னது. காலியாக இருந்த டெக்னீஷியன் இடத்துக்கு ஒரு பையன் வந்தான். சாயம் ஏற்றுவதை அக்கா அவனுக்குச் சொல்லிக்கொடுத்தாள்.

ஏழு மாதத்தில் அவளுக்கு விட்டு விட்டுக் காய்ச்சல் வந்தது. பல் ஈறில் ரத்தம் கசிந்தது. தன் ரத்தத்தைத் தானே எடுத்துக் கொடுத்தாளாம். ஸ்லைடைப் பார்த்த தலைமை டெக்னீஷியன் எழுந்து ஜன்னல் பக்கம் போயிருக்கிறார். இவள் அவர் நாற்காலியில் உட்கார்ந்து நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறாள். பிற்பாடு அவர்தான் எனக்குச் சொன்னார். அவசரப்படாமல், வாயால் எண்ணிக்கொண்டே பார்த்தாளாம்.

"முதிராத வெள்ளணு நிறைய இருக்கு சார். தட்டணு ரொம்பக் கம்மி. சரியா?"

"சரிதான்."

"எந்த வகைன்னு சொல்லட்டுமா?"

சொன்னாள். பெரிய மருத்துவமனையில் ஒரு வாரம் கழித்து ரத்தப் புற்றுநோய் என்று எழுதிக்கொடுத்த காகிதத்திலும் அந்த வகைதான் இருந்தது. அதற்குப் பிறகு பதினோரு வாரம் இருந்தாள்.

காரியங்கள் முடிந்து, அவள் பொருட்களை வாங்கிவரக் கூடத்துக்குப் போனேன். வாசல் பலகையில் இரங்கல் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். நல்ல புகைப்படம். பெயருக்குக் கீழே, கழுவும் பிரிவு உதவியாளர். அதை மட்டுமாவது மாற்றி ஒட்ட முடியுமா, பரிசோதனைப் பிரிவு என்றாவது போடலாமே என்று தலைமை டெக்னீஷியனிடம் கேட்டேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பதிவேட்டுல எப்படி இருக்கோ அப்படித்தாம்மா போட முடியும்."

உள்ளே அந்தப் பையன் நுண்ணோக்கியில் குனிந்திருந்தான். மேஜைமேல் அக்கா வரைந்த அணுப் படத்தின் நகல் ஒன்றைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தான். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் எண்ணிக்கொண்டிருந்தான்.