நில்லென்று சொல்லாமல் எடுத்த படங்கள்

ரயில்வே அதிகாரி இருந்தார். வீடியோ போட்டது சேலம் சூரமங்கலம் ரயில்வே குவார்ட்டர்ஸில், அவர் வீட்டில். அவர் மனைவி இருந்தார்கள். பக்கத்து வீட்டு டிக்கெட் பரிசோதகர் இருந்தார். டிவியும் வீடியோ டெக்கும் வாடகைக்குக் கொண்டுவந்தவர், திருப்பி எடுத்துப் போகக் காத்திருந்தார். பிறகு நான். அதிகாரியின் பிலிமெல்லாம் என் ஸ்டுடியோவில்தான் கழுவுவது. அதனால் என்னையும் கூப்பிட்டிருந்தார். எண்பத்து நாலோ ஐந்தோ, ஒரு ஞாயிறு மத்தியானம்.

அதிகாரியின் தம்பி வெளிநாட்டிலிருந்து அனுப்பிய வீடியோ கேசட். தெருவில் போகிறவர் வருகிறவரைப் படம் எடுத்தே பேர் வாங்கிய நாலு பேரைப் பேட்டி கண்டிருந்தார்கள். எல்லாம் இங்கிலீஷ். அரை மணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு டெக்காரர் கேட்டார்.

"ஏனுங்க, பாட்டு எப்பங்க வரும்?"

இந்த வண்டியில் பாட்டுக்காரர்கள் டிக்கெட் எடுக்கவில்லை என்றார் பரிசோதகர்.

நான் அஞ்சாவதோடு நின்றவன். பேச்சு புரியவில்லை. ஆனாலும் எழுந்திருக்கவில்லை. கடைசியாக வந்த கிழவர் நாற்காலியில் உட்கார்ந்து பேசினார். பிறகு கடைத்தெருவில் நடந்தார். கேமரா வயிற்றின் மேல் தொங்கியது. படம் எடுத்துக்கொண்டே போகிறார், ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. என்ன சொல்கிறார் என்று அதிகாரியின் மனைவி, அந்த அம்மாவிடம் கேட்டேன். அன்றைக்கு நானாக வாய் திறந்தது அதற்குத்தான்.

"லென்ஸ்ல தூரத்தை முன்னாடியே வெச்சுக்குவாராம். கேமராவைக் கண்ணுகிட்டக் கொண்டுபோக மாட்டாராம். வேற எங்கியோ பாத்துட்டே அமுத்துவாராம்," என்றார்கள்.

கேட்டதற்குக் காரணம் என் அக்கா. வயிற்றில் கட்டி. ஆஸ்பத்திரியில் ஆறு மாதம் சொல்லியிருந்தார்கள். அவளுக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. எங்கள் பக்கம் பலருக்கும் செத்த அன்றுதான் போட்டோக்காரனைக் கூப்பிடுவார்கள். நாற்காலியில் உட்கார வைத்து, சுற்றி நின்று எடுப்பார்கள். கண் திறந்த மாதிரி வேண்டும் என்றால் பிரிண்டில் நான் தூரிகையால் கண் வரைந்து கொடுப்பேன். அக்காவுக்கும் வரைய வேண்டி வருமோ என்றிருந்தது. இரண்டு தடவை கேமராவும் ஸ்டாண்டுமாகப் போனேன். இரண்டு தடவையும் முகத்தை மூடிக்கொண்டாள்.

"பொணம் புடிக்கற பொட்டியத் தூக்கீட்டு எம் முன்னால வராத சாமி. நான் இன்னும் சாகல."

கேசட் பார்த்த ஞாயிறுக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை அக்கா சந்தைக்குப் போனாள். நானும் பின்னால் போனேன். ஸ்டாண்டை எடுத்துக்கொள்ளவில்லை. கேமராவைக் கழுத்தில் மாட்டி, தூரம் பத்தடி வைத்துக்கொண்டேன். கொட்டை எடுத்த புளியில் கொட்டை இருக்கிறது என்று புளிக்காரரிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். பஸ் வருகிறதா என்று பார்ப்பவன்போல ரோட்டைப் பார்த்தபடி அமுக்கினேன். ஆறாவதற்குப் பிலிமைத் திருகும்போது பார்த்துவிட்டாள். திட்டட்டும் என்று நின்றேன்.

"எத்தன புடிச்ச?"

"அஞ்சுக்கா."

"புளிக்காரன் உளுந்தானா அதுல?"

"உளுந்துட்டாருக்கா."

"அப்பச் சாட்சி ஆச்சு," என்று அவர் பக்கம் திரும்பினாள்.

கழுவிப் பார்த்தபோது நாலு கெட்டுப்போயிருந்தது. ஒன்று நின்றது. கை நீட்டி, வாய் திறந்து, கண் இரண்டும் புளிக்காரர் மேல். பிரிண்டை அவளிடம் கொடுத்தேன். வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"இவ உசுரோட இருக்கறவதான்," என்றாள். "இனி எடுத்துக்கோ சாமி. நில்லுன்னு மட்டும் சொல்லாத."

அதன் பிறகு பத்து மாதம் இருந்தாள். போன அன்று சொந்தக்காரர்கள் நாற்காலி கொண்டுவந்தார்கள். வேண்டாம் என்றேன். புளிக்காரரோடு சண்டை போடுகிற படத்துக்கே மாலை போட்டோம். வந்தவர்களில் சிலர் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு அழுதார்கள்.

கேசட்டில் வந்த அந்தக் கிழவர் பேரை அந்த அம்மா அன்றைக்கே சொன்னார்கள். என் வாயில் நிற்கவில்லை. அதிகாரி குடும்பமும் மாற்றலாகிப் போய்விட்டது. ஒருவரிடமும் நேரில் நன்றி சொன்னதில்லை. இங்கே சொல்லிக்கொள்கிறேன்.

அக்கா படங்களைப் போன வாரம் எண்ணினேன். முப்பத்தேழு.