கதை இடுப்பில் இருக்கிறதாம்

இன்று பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மாடி அறையில் என் இடுப்பைத் தேடினேன்.

(வயது நாற்பத்தாறு. தேடினால்தான் கிடைக்கும்.)

விஷயம் இதுதான். ஞாயிறு பத்திரிகைகளுக்குச் சிறுகதை எழுதிக்கொண்டிருந்தவள் நான். எட்டு மாதமாக ஒரு வரிகூட வரவில்லை. போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் சரக்கு அனுப்பும் ஃபார்வர்டிங் ஆபீஸில் வேலை, நோட்டைத் திறந்தால் கண்டெய்னர் நம்பர்தான் கைக்கு வருகிறது. இனி எழுதவே வராதோ என்று உண்மையாகவே பயந்துபோயிருந்தேன்.

ஆபீஸ் தோழி கலா வாட்சப்பில் ஒரு போஸ்டர் அனுப்பினாள். "உடலசைவும் எழுத்தும்: உங்களுக்குள் உறங்கும் பெண்மையை எழுப்புங்கள்."

"எழுப்பிட்டா, திரும்பத் தூங்க வைக்கிறது யாரு?" என்று கேட்டேன்.

"வா லா. கதை வரலன்னு பொலம்பிக்கிட்டே இருக்கே. உன் பேரையும் குடுத்துட்டேன்."

நாங்கள் குடியிருக்கும் பண்டமாரானிலிருந்து கிளம்பி, கொமுட்டர் ரயில் பிடித்துப் போய்ச் சேர்ந்தோம். கீழே வாழையிலைச் சாப்பாட்டுக் கடை, மேலே வகுப்பு. சாம்பார் வாசனையில் பெண்மை எழுந்ததோ இல்லையோ, பசி எழுந்துவிட்டது.

வகுப்பு எடுத்த தர்ஷினிக்கு முப்பது வயது இருக்கும்.

"கண்ண மூடிக்குங்க அக்கா. தலையால எழுதாதீங்க. கதை உங்க இடுப்புல இருக்கு."

(என் இடுப்பில் இருப்பது டிஸ்க் விலகல். ஸ்கேன் ரிப்போர்ட்டே இருக்கிறது.)

மியூசிக் போட்டார். "உடம்பு எப்படி கேக்குதோ அப்படியே விடுங்க. ஸ்லோவா. சென்சுவலா."

பத்துப் பெண்கள். அவரவர் உடம்புக்குத் தெரிந்ததுதான் வந்தது. ஒருவர் பரதநாட்டிய அரைமண்டியில் உட்கார்ந்தார். இன்னொருவர் ஸும்பா. கலாவுக்கு, சத்தியமாகச் சொல்கிறேன், காவடியாட்டம் வந்தது. சென்சுவல் யாருக்கும் வரவில்லை.

நான் மட்டும் ஆடாமல் அசையாமல் நிற்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

தர்ஷினி பக்கத்தில் வந்தார். "அக்கா, உங்க கை என்ன பண்ணுது?"

கண்ணைத் திறந்து பார்த்தேன். என் வலது கை பின்னால் போய்க் குர்தாவைக் கீழே இழுத்து விட்டுக்கொண்டிருந்தது.

"மேல ஏறிடுச்சு போல..."

"ஏறவே இல்லக்கா. வந்ததிலேர்ந்து இழுத்துக்கிட்டுதான் இருக்கீங்க. ஓகே, அதையே ஆடுங்க. ஸ்லோ மோஷன்ல."

ஆடினேன். குர்தாவை இழுத்து விடுவது, நெஞ்சோடு ஃபைலை அணைத்துக்கொள்வது, முழங்கால் இரண்டையும் ஒட்டி வைத்து உட்காருவது. முப்பது வருடமாகத் தினமும் ஆடுகிற ஆட்டம், ஒத்திகையே தேவைப்படவில்லை. முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அழுகை வந்துவிட்டது. (அங்கே அழுதால் "ரிலீஸ் ஆகுது" என்று கை தட்டுகிறார்கள். பாத்ரூமுக்கு ஓடிவிட்டேன்.)

அடுத்த அரை மணி நேரம் எழுதச் சொன்னார். மூன்று பக்கம் வந்தது. எட்டு மாதத்துக்குப் பிறகு மூன்று பக்கம்! எனக்குச் சட்டையை இழுத்து விடக் கற்றுக்கொடுத்த ஒவ்வொருவரையும் வரிசையில் நிற்க வைத்து எழுதினேன். பள்ளிக்கூடத்து டிசிப்ளின் டீச்சர், பெரியம்மா, கோயிலில் பின்னால் நின்று கிசுகிசுத்த ஆன்டிகள் என்று ஒருவரையும் விடவில்லை.

படித்துக் காட்டினேன். கலா என் கையைப் பிடித்துக்கொண்டாள். தர்ஷினிக்கு மட்டும் ஒரு குறை.

"பவர்ஃபுல் அக்கா. ஆனா சென்சுவாலிட்டி கொஞ்சம் கம்மி. எங்கயாச்சும் ஒரு நிலா போடலாமா? இல்லன்னா மல்லிகைப்பூ?"

போடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மகளிடம் நோட்டை நீட்டினேன். பத்தொன்பது வயது, யூனிவர்சிட்டியில் படிக்கிறாள், என் கதை எதையும் இதுவரை பாராட்டியதில்லை. சோபாவில் காலை நீட்டிக்கொண்டு மூன்று பக்கத்தையும் படித்து முடித்தாள்.

"மா, நெஜமாவே நல்லாருக்கு மா."

எனக்குத் தலைகால் புரியவில்லை.

"ஆனா லிஸ்ட்ல ஒரு ஆளு மிஸ்ஸிங்."

"யாரு?"

"எனக்குச் சொல்லிக் குடுத்தவங்க. காலையில கெளம்பும்போதுகூட, 'டாப்ப இழுத்து விடுடி, வீட்டுக்கு ஆளு வருவாங்க'ன்னு சொல்லிட்டுத்தானே அந்தக் கிளாஸுக்குப் போனீங்க?"

நான்காவது பக்கத்தை இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன். ரொம்ப மெதுவாகத்தான் போகிறது.