எதிர் நாற்காலியில் எடித்

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போய்விடுகிற ஆள் நான். சுடுகாட்டு வழியாகத் தனியாக எத்தனையோ தடவை நடந்து வந்திருக்கிறேன், ஒன்றும் தோன்றியதில்லை. அதனால் நான் சொல்வதைக் கேட்டு நீங்கள் சிரித்தாலும் எனக்குக் கோபம் வராது. இதில் எனக்குப் பயத்தைவிட வெட்கம்தான் அதிகம், இத்தனை வருஷம் யாரிடமும் சொல்லாததற்கும் அதுதான் காரணம்.

அப்போது யுத்த காலம். எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டுத் தென்காசியில் வேலையில்லாமல் இருந்தேன், கல்யாணம் வேறு ஆகியிருந்தது. குற்றாலத்தில் ஒரு பங்களாவில் வெள்ளைக்காரத் துரைசானி ஒருவர் இருந்தார், புருஷன் காட்டிலாகாவில் அதிகாரியாக இருந்து இறந்துபோனவர். துரைசானிக்குப் பார்வையும் போய்விட்டது. தினம் மத்தியானம் பேப்பரும் கடிதமும் வாசித்துக்காட்ட ஆள் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள், நான் சைக்கிளை மிதித்துப் போய்ச் சேர்ந்துகொண்டேன். நாற்பது வருஷமாக இங்கேயே இருந்தவர், சமையல்கார இசக்கியம்மாளோடு பேசிப் பேசி நம்மைப் போலவே தமிழ் பேசுவார்.

அவருக்கு இருந்த ஒரே சொந்தம் தங்கை எடித். கல்யாணம் ஆகாதவள், சீமையில் அவர்கள் பிறந்த சின்னக் கிராமத்திலேயே இருந்தாள். இரண்டு மாதத்துக்கு ஒரு கடிதம் வரும். நான் உறையைப் பிரிக்கும்போதே துரைசானி கேட்பார், “எங்க ஊரு அப்படியே இருக்காலே?”

இருக்கும். ரொட்டிக்காரரின் குதிரை வண்டி, மாதா கோயிலுக்கு முன்னால் புல்வெளி, அறுப்பு முடிந்ததும் ஊரே ஒரே கொட்டகையில் உட்கார்ந்து சாப்பிடுவது, எல்லாம் எடித்தின் கடிதத்தில் வரும். கேட்கக் கேட்க அந்த முகம் குழந்தை முகமாகிவிடும். “சண்டை முடியட்டும், நான் போயி எடித் வீட்டுலதான் சாவேன்” என்பார்.

ஒருநாள் தபால்காரர் பங்களா கேட்டிலேயே கடிதத்தை என் கையில் கொடுத்தார். கடினமான வார்த்தை இருந்தால் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளலாம் என்று அங்கேயே பிரித்தேன். அவர்கள் கிராமத்தைப் பட்டாளம் கேட்கிறது, சுட்டுப் பழக இடம் வேண்டுமாம், கிறிஸ்துமஸுக்குள் எல்லோரும் காலி செய்ய வேண்டும் என்று எடித் எழுதியிருந்தாள். கடிதங்களைப் பிரித்துப் பார்க்கிற சென்சார்காரன் அதை எப்படி விட்டான் என்று தெரியவில்லை. முதல் பக்கத்தோடு நிறுத்திவிட்டேன். இதைக் கேட்டால் துரைசானி படுத்துவிடுவார், இல்லை ஊட்டியில் இருக்கிற சிநேகிதியோடு போய்விடுவார், அப்புறம் எனக்கு என்ன வேலை? துரைசானி பங்களாவில் உத்தியோகம் என்று மாமனார் ஊரெல்லாம் பெருமை பேசிக்கொண்டிருந்தார். தாளைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் கிழித்து, வீட்டுக்குப் போகிற வழியில் சிற்றாற்றில் போட்டுவிட்டேன்.

அடுத்த வாரம் ஒரு பழைய கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, புதிதாக வந்தது போல வாசித்தேன். நானே கட்டியது. ஊர் அப்படியே இருக்கிறது என்று ஆரம்பித்தேன், அவருக்கு அவ்வளவு சந்தோஷம். அப்புறம் எடித்திடமிருந்து கடிதமே வரவில்லை, நான்தான் அவள் எழுதாத கடிதங்களை வாசித்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவை யோசிக்காமல் தை மாதத்தில் அங்கே கோதுமை அறுப்பு நடக்கிறது என்று சொல்லிவிட்டேன். அங்கே அப்போது பனி கொட்டுமாம், எனக்கு எங்கே தெரியும்! துரைசானி என் பக்கம் முகத்தைத் திருப்பினார். பிறகு, “சரி, மேல வாசி” என்றார்.

நான் சொல்ல வந்த விஷயம் ஆடி மாதத்தில் நடந்தது. மத்தியானம் மூன்று மணி இருக்கும், வெளியே சாரல். வராந்தாவில் அவருக்கு நேர் எதிரே ஒரு பிரம்பு நாற்காலி எப்போதும் காலியாகக் கிடக்கும், நான் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து பொய்க் கடிதத்தை வாசித்துக்கொண்டிருந்தேன். துரைசானி கையைத் தூக்கினார்.

“கொஞ்சம் பொறு. ஆள் வந்திருக்கு.”

பார்த்தேன், யாரும் இல்லை. அவர் பிரம்பு நாற்காலிப் பக்கம் முகத்தைத் திருப்பி, இங்கிலீஷில், “எடித், இப்படி நனைந்துவிட்டாயே” என்றார்.

நம்பினால் நம்புங்கள், அரை மணி நேரம் பேசினார். கேட்பார், நிறுத்துவார், மறுபடி கேட்பார். “எல்லோருமா? ரொட்டிக்காரர்கூடவா?” என்று கேட்டார். “பூனையை என்ன செய்தாய்?” என்று கேட்டார். நடுவில் எனக்கு மழைச் சத்தம் மட்டும்தான் கேட்டது. ஆனால் ஒரு பெண் பதில் சொல்ல எவ்வளவு நேரம் பிடிக்குமோ அவ்வளவு நேரம் அவர் காத்திருந்தார். கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது.

இசக்கியம்மாள் தேயிலைத் தண்ணீரோடு வந்தவள் என் காதருகே குனிந்தாள். “அண்ணாச்சி, யாரு வந்திருக்கா? உள்ள இருந்த என்னையக் கூப்பிட்டு அம்மா இன்னொரு கப்பு கேட்டாவளே?”

இரண்டாவது கப்பை அந்த நாற்காலிக்கு முன்னால்தான் வைத்தாள். அதை யாரும் தொடவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

பேச்சு முடிந்ததும் துரைசானி என்னைக் கூப்பிட்டார். “எங்க ஊரு இல்லையாம்லே. பட்டாளத்துக்காரன் எடுத்துக்கிட்டானாம். ஆளுக்கொரு திக்கா போயிட்டாவளாம். எடித் பூனையைப் பாதிரியார்கிட்ட விட்டுட்டு வந்தாளாம்.”

அந்த இடத்திலாவது நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆமாம் அம்மா, கடிதம் வந்தது, நான்தான் கிழித்தேன் என்று சொல்ல ஒரு நிமிஷம் ஆகாது. நான் பேப்பரை எடுத்து யுத்தச் செய்தி வாசித்தேன்.

ஒன்றரை மாதம் கழித்துப் பாதிரியாரிடமிருந்து கடிதம் வந்தது. இந்தத் தடவை ஒரு எழுத்து விடாமல் வாசித்தேன். ஏதோ ஒரு பட்டணத்தில், வாடகை அறையில், சித்திரை வாக்கிலேயே எடித் இறந்துபோயிருந்தாள். ‘கடைசிக் கடிதத்தின் முடிவில் அவள் உங்களுக்கு எழுதியிருந்தபடி, பூனை என்னிடம்தான் இருக்கிறது’ என்று இருந்தது. நான் அந்தக் கடிதத்தைத் திருப்பிப் பார்க்கவே இல்லை என்று சொன்னேனே. பூனை சமாசாரம் எனக்கே தெரியாது. ஆற்றோடு போனது அவருக்கு எப்படித் தெரியும்?

அழுதுகொண்டே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். “தெரியும்லே” என்றார், அவ்வளவுதான். என்னைப் போகச் சொல்லவில்லை. அவர் கண் மூடுகிற வரைக்கும் நான்தான் வாசித்தேன்.

ஒன்றை மட்டும் அவரிடம் கேட்கத் தைரியம் வரவில்லை. அன்றைக்கு மத்தியானம் பேச்சுக்கு நடுவே ஒரு தடவை ரொம்ப நேரம் மௌனமாக இருந்தார், எதிரே இருந்தவள் என்னவோ நீளமாகச் சொல்கிற மாதிரி. பிறகு தலையை ஆட்டி, “இல்லை எடித், அப்படிச் சொல்லாதே. அவன் எனக்காகத்தான் செய்தான்” என்றார்.

நான் அவருக்காகச் செய்யவில்லை. அது எனக்குத் தெரியும், அந்த நாற்காலியில் இருந்தவளுக்கும் தெரிந்திருக்கிறது. இன்றைக்கும் யாராவது என்னை நல்ல மனுஷன் என்று சொன்னால், பக்கத்தில் காலி நாற்காலி ஏதாவது கிடக்கிறதா என்று என் கண் தேடிவிடுகிறது.